வடம் 440 மீட்டர், மீதியெல்லாம் சேறு

பினாங்குத் தீவையும் மலேசியப் பெருநிலத்தையும் பிரிக்கும் நீரிணையின் கீழைக் கரையில் அமைந்த ஜுரு, இரண்டு பெரும் கடற்பாலங்களுக்கு இடைப்பட்ட ஊராகும். வடக்கே பிறையிலிருந்து தீவின் குளுகோர் நோக்கிச் செல்லும் முதற்பாலம் 1985 செப்டம்பர் 14-ஆம் நாள் போக்குவரத்துக்குத் திறக்கப்பட்டது. தெற்கே பத்து காவானிலிருந்து பத்து மாவுங் நோக்கிச் செல்லும் இரண்டாவது பாலம் 2014 மார்ச் 1-ஆம் நாள் திறக்கப்பட்டு, சுல்தான் அப்துல் ஹாலிம் முவாட்ஸாம் ஷா பாலம் எனப் பெயர் பெற்றது. முதற்பாலத்தின் மொத்த நீளம் 13.5 கிலோமீட்டர், அதில் கடலின்மேல் செல்வது 8.4 கிலோமீட்டர், இரண்டாவதன் மொத்த நீளம் 24 கிலோமீட்டர், கடலின்மேல் 16.9 கிலோமீட்டர். அஞ்சலட்டைகளிலும் நாட்காட்டிகளிலும் அச்சாவது முதற்பாலத்தின் நடுவே நிற்கும் இரண்டு கோபுரங்களும் அவற்றிலிருந்து சாய்வாக இறங்கும் வடங்களுமே; ஆனால் நடுவில் 225 மீட்டரும் இருபுறமும் 107.5 மீட்டர் வீதமும் கொண்ட அந்தப் பகுதி மொத்தம் 440 மீட்டர்தான், அதாவது கடலின்மேல் உள்ள நீளத்தில் ஏறத்தாழ இருபதில் ஒரு பங்கு. எஞ்சிய பத்தொன்பது பங்கும் வரிசையாக ஊன்றிய தூண்களின்மேல் உத்தரங்களைக் கிடத்திய, யாரும் படமெடுக்காத சாதாரணப் பாலம். கடற்பாலக் கட்டுமானத்தில் உழைத்தவர்களின் நினைவில் தங்கியிருப்பதும், ஆண்டுக்கணக்கில் அவர்களது நேரத்தை எடுத்துக்கொண்டதும் இந்தப் பத்தொன்பது பங்குதான்.

பினாங்குப் பாலத்தைத் தொங்குபாலம் என்று குறிப்பிடும் வழக்கம் தமிழ் நாளேடுகளிலும் பேச்சிலும் உண்டு. பொறியியல் நோக்கில் அது தொங்குபாலம் அன்று, சாய்வடப் பாலம். தொங்குபாலத்தில் இரு கோபுரங்களின் உச்சிமீதாக ஒரு பெருவடம் வளைந்து சென்று, இரு கரைகளிலும் நங்கூரக் கட்டை எனப்படும் பெரும் கான்கிரீட் நிறைக்குள் புதைகிறது. பாலத்தளம் அந்தப் பெருவடத்திலிருந்து செங்குத்தான சிறு வடங்களால் தொங்குகிறது. ஆகவே தளத்தின் எடை கோபுரங்களைக் கீழ்நோக்கி அமுக்குவதோடு, பெருவடத்தின் வழியே கரையில் உள்ள நங்கூரத்தை இழுக்கும் விசையையும் உண்டாக்குகிறது. சாய்வடப் பாலத்திலோ ஒவ்வொரு வடமும் கோபுரத்திலிருந்து நேராகத் தளத்துக்கே வந்து சேர்வதால், வடத்தின் கிடைவிசை தளத்தின் நீளவாக்கில் அமுக்கமாக இறங்கி, கோபுரத்தின் மறுபக்க வடங்கள் தரும் அமுக்கத்தோடு சமன்செய்துகொள்கிறது. கரையில் நங்கூரம் தேவைப்படுவதில்லை. 1937-இல் திறக்கப்பட்ட சான் பிரான்சிஸ்கோவின் கோல்டன் கேட் பாலத்தின் 1,280 மீட்டர் நடு இடைவெளிக்கும், 1998-இல் திறக்கப்பட்ட ஜப்பானின் அகாஷி கைக்யோ பாலத்தின் 1,991 மீட்டருக்கும் தொங்குபாலம் தவிர வேறு வழி அப்போது இருக்கவில்லை. 225 மீட்டருக்கு அவ்வளவு பெரிய ஏற்பாடு வீண்செலவு. அத்துடன், களிமண் சேறு படிந்த இந்த நீரிணைக் கரையில், பல ஆயிரம் டன் இழுவிசையை நகராமல் பிடித்திருக்கும் நங்கூரத்தை அமைப்பது பாலத்தைக் கட்டுவதைவிடக் கடினமான வேலையாகியிருக்கும். கப்பல்கள் செல்ல நீர்மட்டத்துக்கு மேல் 33 மீட்டர் உயரமும், இடையில் தூணற்ற ஓர் அகன்ற வாயிலும் வேண்டும் என்பதே 440 மீட்டரின் முழுக் காரணம். 101.5 மீட்டர் உயரக் கோபுரங்களின் அழகு அந்தத் தேவையின் உபரிப் பயன்.

கடலைக் கடக்கும் பாலம் என்றதும் தமிழர்க்கு முதலில் நினைவுக்கு வரும் பாம்பன் பாலத்தில் கப்பலுக்கு வழிவிடும் சிக்கலை வேறு விதமாகத் தீர்த்தார்கள். 1914-இல் திறக்கப்பட்ட அந்த ரயில்பாலம் உயரே எழாமல் நீரை ஒட்டியே சென்று, நடுவில் மட்டும் இரண்டாகப் பிளந்து மேலே தூக்கிக்கொள்ளும் ஷெர்சர் வகைத் தூக்குப்பகுதியைக் கொண்டிருந்தது; 2025-இல் அதன் இடத்தைப் பிடித்த புதிய பாலத்தில் நடுப்பகுதி செங்குத்தாக உயர்கிறது. நாளுக்குச் சில ரயில்களே செல்லும் தடத்தில் அத்தகைய பாலம் பொருந்தும். பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டைகளுக்குப் பெருநிலத்திலிருந்து பேருந்து பேருந்தாக ஆட்கள் செல்ல வேண்டியிருந்த பினாங்கில், கப்பலுக்காக வாகனங்களை நிறுத்திவைக்கும் பாலத்தை யாரும் எண்ணிப் பார்த்திருக்க மாட்டார்கள். 1985 வரை ஃபெரிக்காகப் பட்டர்வொர்த்தில் வரிசையில் நின்றவர்களுக்கு அந்த நிறுத்தம் எத்தகையது என்று விளக்க வேண்டியதில்லை.

நீரிணையின் அடித்தளம் பற்றிச் சொல்லாமல் இங்கே பாலம் கட்டிய தொழிலைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது. ஆறுகள் கொண்டுவந்து கொட்டிய வண்டல் காலங்காலமாகப் படிந்து உருவான கடற்களிமண், பெருநிலக் கரையை ஒட்டிப் பத்து மீட்டருக்கும் மேற்பட்ட கனத்தில் கிடக்கிறது. மேற்பரப்பில் அது நடப்பவரின் முழங்காலை விழுங்கும் அளவுக்கு நெகிழ்வானது. கோலா ஜுரு மீனவர்கள் கெராங் எனப்படும் இரத்தச் சிப்பியை வளர்ப்பதும் இதே சேற்றில்தான். 1970-களில் பிறைத் தொழிற்பேட்டையின் கழிவுநீர் ஜுரு ஆற்றில் கலந்து அந்தச் சிப்பிகளையும் மீன்வளத்தையும் அழித்தபோது, எஸ். எம். முகமது இத்ரிஸ் தலைமையிலான பினாங்கு பயனீட்டாளர் சங்கம் மீனவர்களுக்குத் துணைநின்றது இவ்வட்டாரத்தின் அறியப்பட்ட வரலாறு. சிப்பிக்கு உணவூட்டும் மென்மையே பொறியாளருக்குத் தொல்லை: அந்தக் களிமண்ணின்மேல் எதையும் நேரடியாக வைக்க இயலாது; வைத்தால் ஆண்டுக்கணக்கில் மெல்ல அமிழ்ந்துகொண்டே இருக்கும்.

ஆகவே பைல் எனப்படும் அடித்தூண்கள் களிமண்ணைத் துளைத்துக்கொண்டு கீழே உள்ள கெட்டியான மண்ணடுக்குகள் வரை இறக்கப்படுகின்றன. இரு பாலங்களிலும் பெருமளவில் பயன்பட்டவை சுழல்வார்ப்புப் பைல்கள். ஒரு மீட்டர் விட்டமுள்ள இவை நடுவில் துளையுடைய கான்கிரீட் குழாய்கள். இழுத்து முறுக்கேற்றிய எஃகுக் கம்பிகளைச் சுற்றிலும் கொண்ட உருளை அச்சுக்குள் கான்கிரீட்டை இட்டு அச்சை வேகமாகச் சுழற்றினால், மையவிலக்கு விசையால் கான்கிரீட் வெளிச்சுவரில் நெருக்கமாக அப்பிக்கொண்டு, மிகைநீர் உட்புறமாக வெளியேறுகிறது. இறுகிய பின் கம்பிகளை விடுவிக்கும்போது அவை சுருங்க முயன்று கான்கிரீட்டை எப்போதும் அமுக்கத்தில் வைத்திருக்கின்றன. முன்தகைவு எனப்படும் இந்த அமுக்கம், சம்மட்டி அடியின் எதிரலையால் பைலில் ஏற்படும் இழுவிசை கான்கிரீட்டைப் பிளந்துவிடாமல் காக்கிறது. தொழிற்சாலையிலிருந்து லாரியிலோ மிதவையிலோ ஏற்றிவரத் தக்க நீளத்துக்கு வார்க்கப்படும் துண்டுகள், பார்ஜ் எனப்படும் தட்டை மிதவையின்மேல் நிறுத்தப்பட்டு, முதல் துண்டு ஏறத்தாழ முழுவதும் இறங்கிய பின் அதன் தலையிலுள்ள எஃகு வளையத்தோடு அடுத்த துண்டின் வளையம் பற்றவைக்கப்பட்டு, மீண்டும் அடிக்கப்படுகின்றன. கடலின் நடுவே அலையாட்டத்தில் செய்யும் அந்தப் பற்றவைப்பின் தரத்தைப் பொறுத்தே பைலின் ஆயுள் அமைகிறது. சூடு ஆறும் முன்பே நீருக்குள் இறக்க அவசரப்படும் மண்டோர் எனப்படும் மேஸ்திரிகளுக்கும் தடுக்கும் மேற்பார்வையாளர்களுக்கும் இடையே நாள்தோறும் எழும் சச்சரவு இத்தொழிலில் பழகியவர் எவரும் அறிந்தது.

இக்கட்டுரையாளர் தொழில் பழகியது பைல் பதிவேட்டில். பைலின் உடலில் சீரான இடைவெளியில் கோடுகள் வரையப்பட்டிருக்கும். ஒவ்வொரு கோடும் வழிகாட்டிச் சட்டத்தைக் கடக்கும்போது அதற்கு எத்தனை அடி தேவைப்பட்டது என்பதை எண்ணி எழுதுவதே பதிவாளரின் வேலை. மேல் களிமண்ணில் பைல் தன் எடையாலேயே வழுக்கி இறங்கும், பதிவேட்டில் சுழி சுழியாக நிரம்பும். கீழே மணலும் இறுகிய களிமண்ணும் கலந்த அடுக்கைத் தொட்டதும் எண்கள் திடீரென ஏறும். எண்ணிக்கை ஏறிய பிறகு ‘செட்’ எடுப்பார்கள். செட் என்பது இறுதிப் பத்து அடிகளில் பைல் எவ்வளவு இறங்கியது என்ற அளவு. 20 மில்லிமீட்டர், 25 மில்லிமீட்டர் என்பன போன்ற ஒரு வரம்பைச் சம்மட்டியின் எடைக்கும் வீழ்ச்சிக்கும் ஏற்பப் பொறியாளர் முன்னரே கணக்கிட்டுத் தந்திருப்பார். பைலின் பக்கவாட்டில் ஒரு தாளை ஒட்டி, அசையாத ஒரு சட்டத்தில் பென்சிலைத் தாங்கி, அடி விழும்போது பென்சிலை மெல்ல ஒரு பக்கமாக இழுத்துச் சென்றால், பைல் கீழே போய்ச் சற்று மேலே மீள்வது தாளில் படிக்கட்டாகப் பதிவாகும். கணினி இணைத்த உணர்கருவிகள் வந்த பிறகும் இந்தத் தாளைக் கைவிடாத தளங்கள் பல. பைலுக்கு மிக அருகே கையை நீட்டி நிற்க வேண்டியிருப்பதால் இது ஆபத்தான வழக்கம் என்பதையும், கருவி நின்றுபோன நாளில் கையில் இருக்கும் ஒரே சான்று அந்தத் தாள்தான் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

களிமண்ணின் நடத்தையில் புதியவர்களை ஏமாற்றும் ஒரு பண்பு உண்டு. அடிக்கும்போது பைலைச் சுற்றியுள்ள களிமண் கலங்கி, அதன் நுண்துளைகளில் சிக்கிய நீர் அழுத்தம் ஏறி, மண் பைலைப் பற்றும் வலிமையை இழக்கிறது. அதனால் செட் கிடைக்காமல் பைல் இறங்கிக்கொண்டே போகும். அனுபவமற்றவர் மேலும் ஒரு துண்டைப் பற்றவைத்து அடிக்கச் சொல்வார். அனுபவமுள்ளவர் நிறுத்திவிட்டுச் சில நாள் காத்திருப்பார். துளைநீர் மெல்ல வெளியேறியதும் களிமண் பைலை இறுகப் பற்றிக்கொள்கிறது. அப்போது மறுஅடி எனப்படும் சோதனையாக ஓரிரு அடிகள் கொடுத்தால் முன்பு வழுக்கிச் சென்ற அதே பைல் அசைய மறுக்கும். பதிவேட்டின் எண்களை மட்டும் பார்த்துப் பைலின் தாங்குதிறனைத் தீர்மானிப்பது தவறு என்பதும், அடித்த நாளுக்கும் சோதித்த நாளுக்கும் இடைப்பட்ட காலமும் பதிவேட்டில் இருக்க வேண்டிய ஓர் எண்ணே என்பதும் இதிலிருந்து பெறப்படும். நாட்கணக்கில் வாடகை ஏறும் பார்ஜை வைத்துக்கொண்டு காத்திருக்கச் சொல்வது எளிதன்று; ஒரு பாலத்தின் தரம் பெரும்பாலும் இத்தகைய காத்திருப்புகளை யார் அனுமதித்தார்கள் என்பதில் அடங்கியிருக்கிறது என்றே இக்கட்டுரையாளர் கருதுகிறார்.

சில பைல்கள் வேண்டுமென்றே சாய்வாக அடிக்கப்படுகின்றன. காற்று, நீரோட்டம், கப்பல் மோதல் ஆகியவற்றின் கிடைவிசையை அவை ஏற்கின்றன. பைல்களின் தலைகளை ஒன்றாகக் கட்டும் கான்கிரீட் மேடைக்குப் பைல்கேப் என்று பெயர். நீரிணையில் ஏற்றவற்றம் இரண்டு மீட்டர் அளவுக்கு இருப்பதால் மேடையின் அடிப்பகுதி வேலைகள் நீர் வற்றும் சில மணி நேரத்துக்குள் முடிய வேண்டும். தளத்து வேலையாட்கள் கடிகாரத்தைவிட ஏற்றவற்ற அட்டவணையை நம்பியதற்குக் காரணம் இதுதான். அலை மாறி மாறி நனைத்தும் உலர்த்தியும் விடும் இந்த மட்டத்திலேயே உப்பின் குளோரைடு கான்கிரீட்டுக்குள் ஊடுருவிக் கம்பியைத் துருவேற்றும் அபாயம் மிகுதி என்பதால், கம்பிக்கு மேல் இருக்க வேண்டிய கான்கிரீட் கனத்தை ஒரு விரற்கடையும் குறையவிடாமல் அளப்பது மேற்பார்வையின் கடுமையான பகுதி.

தென்கொரியாவின் ஹுண்டாய் நிறுவனம் முதற்பாலத்தைக் கட்டியபோதும், சீனாவின் துறைமுகக் கட்டுமான நிறுவனமும் மலேசியாவின் யூ.இ.எம். நிறுவனமும் இரண்டாவதைக் கட்டியபோதும், கொங்சி எனப்படும் தொழிலாளர் குடியிருப்புகளில் கொரியமும் மலாயும் ஹொக்கியனும் தமிழும் வங்காளமும் கலந்து ஒலித்தன. தமிழர் அமைச்சர் சாமிவேலு 1983 முதல் பொதுப்பணித் துறையை ஏற்றிருந்ததால் முதற்பாலத்தின் நிறைவு தமிழ் வீடுகளில் சற்றுக் கூடுதலாகப் பேசப்பட்டது. தமிழர்களின் மெய்யான பங்கைத் தேட வேண்டிய இடம் மேடையன்று. செபராங் பிறையின் கரும்புத் தோட்டங்களிலும் பின்னர் ரப்பர் தோட்டங்களிலும் தலைமுறைகளைக் கழித்தவர்களின் பிள்ளைகள் கிரேன் ஓட்டவும் பற்றவைக்கவும் கம்பி கட்டவும் வந்தனர்.

ரப்பரைப் பற்றிய குறிப்பு தோட்ட வரலாற்றோடு முடிவதில்லை. இரண்டாவது பாலத்தின் தளத்துக்கும் தூணுக்கும் இடையே வைக்கப்பட்ட பேரிங் எனப்படும் தாங்கணைகள் இயற்கை ரப்பரால் ஆனவை. மெல்லிய எஃகுத் தகடுகளையும் ரப்பர் அடுக்குகளையும் மாறி மாறி வைத்து வெப்பத்தில் ஒட்டவைத்த இந்தத் தாங்கணை, செங்குத்தான சுமையை அசையாமல் தாங்கும். பக்கவாட்டில் மட்டும் நெகிழ்ந்து கொடுக்கும். ரப்பரில் கலக்கும் கரித்தூளும் பிற பொருள்களும் அதிர்வின் ஆற்றலை உள்ளேயே வெப்பமாக மாற்றித் தணிப்பதால் அதற்கு உயர்தணிப்பு ரப்பர் தாங்கணை என்று பெயர். இதற்குப் பின்னால் இருந்தது இங்கிலாந்தின் ஹார்ட்ஃபோர்டுக்கு அருகே இயங்கும் துன் அப்துல் ரசாக் ஆய்வு மையம், அதாவது மலேசிய ரப்பர் வாரியத்தின் ஆய்வுக்கூடம். 2004 டிசம்பர் 26-ஆம் நாள் சுமத்ராவுக்கு அப்பால் எழுந்த நிலநடுக்கத்தையும் ஆழிப்பேரலையையும் கண்ட பிறகு, பினாங்கு நிலநடுக்கத்துக்கு அப்பாற்பட்ட இடம் என்று யாரும் சொல்லத் துணியவில்லை. நூற்றுக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால் எழும் நடுக்கத்தின் மெதுவான அலைகளே தொலைவு வரை வந்து சேர்கின்றன, அவற்றைக் கனத்த களிமண் மேலும் பெருக்கிவிடுகிறது. பால்மரம் வெட்டியவர்களின் ஊரான பத்து காவானில் கரையேறும் பாலத்தைப் பால்மரத்தின் பொருளே நடுக்கத்திலிருந்து காக்கிறது என்பதைத் தோட்டத் தமிழர் வரலாற்றை எழுதுவோர் இன்னும் போதிய அளவில் கவனிக்கவில்லை.

இனி அந்த 440 மீட்டர். கோபுரம் எழுந்த பிறகு, சாய்வடப் பாலத்தின் தளம் பொதுவாகக் கோபுரத்தின் இருபுறமும் ஒரே வேகத்தில் நீட்டப்படுகிறது. ஒரு பக்கம் ஒரு துண்டு கூடினால் மறுபக்கமும் கூட வேண்டும், இல்லையேல் கோபுரம் வளையும். ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு வடம் இழுக்கப்பட்டு, தேவையான இழுவிசைக்குக் கொண்டுவரப்படுகிறது. பின்னால் வரும் வடங்கள் முன்னவற்றின் சுமையைக் குறைத்துவிடுவதால், முதலில் இழுத்தபோது இருந்த அளவு இறுதி அளவாக இருப்பதில்லை. எல்லாம் முடிந்த பின் வடத்துக்கு வடம் சரிபார்த்து மீண்டும் இறுக்கவோ தளர்த்தவோ வேண்டும். அந்தச் சரிபார்ப்புக்கு ஜாக் எனப்படும் இழுவைக்கருவியைத் தவிர இன்னொரு வழியும் உண்டு. தம்புராவின் நரம்பைப் போலவே வடமும் இறுக இறுக விரைவாக அதிர்கிறது. வடத்தின் நீளமும் ஒரு மீட்டருக்கான எடையும் தெரிந்திருந்தால், நொடிக்கு எத்தனை முறை அதிர்கிறது என்று அளந்து இழுவிசையைக் கணக்கிட்டுவிடலாம். முதற்பாலத்தின் வடங்கள் தொடக்கத்தில் எஃகுத் தண்டுகளைக் குழாய்க்குள் தொகுத்து அமைக்கப்பட்டவை. பின்னாளில் அவை, ஏழு கம்பிகளை முறுக்கிய புரிகளைத் தனித்தனியே உறையிட்டுத் தொகுத்த வடங்களாக மாற்றப்பட்டன. புரிவடத்தின் பெரிய நன்மை, ஒரு புரி கெட்டால் அதை மட்டும் உருவி மாற்ற முடியும் என்பது; பாலத்தை மூடாமல் பழுதுபார்ப்பவருக்கு இது சிறிய வசதியன்று.

முதற்பாலத்தின் நடுப்பகுதி தொடக்கத்திலேயே ஆறு தடங்களுக்கு அமைந்திருக்க, எஞ்சிய நீளம் நான்கு தடங்களோடு இருந்தது. 2008-இல் தொடங்கி 2009-இல் முடிந்த அகலப்படுத்தல் அந்த நெருக்கடியைத் தீர்க்க முற்பட்டது. வடங்களை விட்டு விலகி, பழைய தூண்களின் பக்கத்தில் புதிய பைல்களை அடிக்கும் வேலையே இதில் பெரும்பகுதி. கால் நூற்றாண்டாகச் சுமை ஏற்று அமிழ வேண்டிய அளவு அமிழ்ந்து நின்றுவிட்ட பழைய அடித்தளத்துக்கும், இனிமேல்தான் சிறிது அமிழப்போகும் புதிய அடித்தளத்துக்கும் மேலே தளங்களை உடனே இணைத்துவிட்டால், இணைப்பு விரிசல் விடும். அதனால் இத்தகைய அகலப்படுத்தல்களில் புதிய பகுதியைத் தனியே கட்டி, அதன் எடை முழுவதையும் பைல்கள்மேல் ஏறவிட்டு, கான்கிரீட்டின் சுருக்கமும் அமிழ்வும் பெரும்பகுதி முடிந்த பிறகு, இடையில் விட்டுவைத்த குறுகிய பட்டையில் தையல் கான்கிரீட் ஊற்றுகிறார்கள். பக்கத்துத் தடத்தில் லாரி செல்லும் அதிர்வு இறுகும் கான்கிரீட்டைக் கலைத்துவிடும் என்பதால் இந்த ஊற்று பெரும்பாலும் நள்ளிரவுக்குப் பின், வண்டிகளைத் தொலைத்தடத்துக்கு ஒதுக்கி, வேகத்தையும் கட்டுப்படுத்திச் செய்யப்படுகிறது. பட்டையின் இருபுற மட்டங்களும் ஊற்றுமுன் ஒருமுறையும் விடிந்தபின் ஒருமுறையும் அளக்கப்பட்டு, அந்த அளவுகள் அந்தந்தத் தூணின் பைல் பதிவேட்டோடு சேர்த்துக் கட்டிவைக்கப்படுகின்றன.